ஒத்தக்கண்ணனுக்கு இஞ்சி டீ

இராஜபாளையம்
19 ஜூலை 2025

அன்புள்ள இந்துவுக்கு,

நலம். நீ நலமா என்று கேட்டால் அதற்கும் கோபப்படுவாய். இருந்தாலும் கேட்டு வைக்கிறேன்.

போன் பண்ணக் கூடாது, மெசேஜ் அனுப்பக் கூடாது என்று சொல்லிவிட்டு என் நம்பரையும் பிளாக் செய்துவிட்டாய். கடிதம் எழுதக் கூடாது என்று சொல்லவில்லை. ஆகவே நான் எந்தச் சட்டத்தையும் மீறவில்லை. எங்கள் பேண்டேஜ் கம்பெனி ஆபீஸில் இருக்கும் கல்பனா தினமும் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்துதானே பஸ்ஸில் வருகிறாள், அவளிடம் கொடுத்தனுப்புகிறேன். "கவரை நல்லா ஒட்டிக் குடுங்கண்ணே. ஒட்டாட்டி படிச்சுருவேன், என்னைய நம்பாதீங்க" என்றாள். பசை தடவி, அதன் மேல் எங்கள் கம்பெனி பிளாஸ்டரும் சுற்றியிருக்கிறேன்.

கல்யாணமான முதல் ஆடிக்குப் பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைத்துப் போவது எல்லா வீட்டிலும் உள்ளதுதான். ஆனால் ஆடி பிறக்கும் முன்பே பெண் தானாகப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறியது நம் வீட்டில்தான். "மருமக எங்க?" என்று கேட்பவர்களிடம் அம்மா "ஆடிக்குப் போயிருக்கா" என்று சொல்ல, அவர்கள் எங்கள் வீட்டுக் காலண்டரையே எட்டிப் பார்த்தார்கள்.

எல்லாம் ஒரு வீடியோ கேமுக்காக. நான் அப்படி என்ன சொல்லிவிட்டேன்? 'எமன்கோட்டை' மூன்று பாகங்களையும் ஆறு வருஷமாக ஆடிக்கொண்டிருப்பவன் நான். அதில் ஒரு பாலத்தைத் தாண்டவே எனக்கு ஒரு மாதம் பிடித்தது. இரண்டாம் பாகத்தில் வடக்கு வாசலைக் காக்கிற பூதம் ஒத்தக்கண்ணனிடம் இன்னும் அடி வாங்கிக்கொண்டிருக்கிறேன். ஆட்டம் கஷ்டம் என்று பயந்து ஓடுகிறவர்களுக்காக அதே கம்பெனிக்காரன் 'கோட்டைவாசல் டீக்கடை' என்று ஒரு கிளை ஆட்டத்தைப் போனில் விட்டான். முதலில் அதை ஆடி அந்த ஆட்களைப் பழகிக்கொள், அப்புறம் நிஜ ஆட்டத்துக்கு வா என்று நான்தான் உனக்குப் போட்டுக் கொடுத்தேன். நீ டீக்கடையிலேயே உட்கார்ந்துவிட்டாய். "எனக்கு இதுதான் பிடிச்சிருக்கு" என்றாய். ஞாயிற்றுக்கிழமை மாடியில் என்னோடு ஆட வந்த சிவபாண்டியும் பெலிக்ஸும் இருக்கும்போது நான், "அதெல்லாம் விளையாட்டே இல்ல, பச்சப்புள்ளைக்குச் சோறு ஊட்டுற மாதிரி" என்றேன். உள்ளதைத்தானே சொன்னேன்?

சரி, மன்னித்துக்கொள். ஆவணி ஒன்றாம் தேதி உன்னைக் கூப்பிட அண்ணனும் மதினியும் வருவார்கள். பெட்டியைக் கட்டி வை.

அன்புடன்,
காளிராஜ்


மடவார் வளாகம், ஸ்ரீவில்லிபுத்தூர்
22 ஜூலை

திரு. காளிராஜ் அவர்களுக்கு,

கடிதம் கிடைத்தது. பிளாஸ்டரைப் பிரிக்கக் கத்திரிக்கோல் போதவில்லை, அரிவாள்மனை தேவைப்பட்டது. உங்கள் கம்பெனி சரக்கு தரமானதுதான்.

'மன்னித்துக்கொள்' என்பதற்கு முன்னால் ஒரு 'சரி' போட்டிருக்கிறீர்கள். எங்கள் மெடிக்கல் ஷாப்பில் டாக்டர் சீட்டு இல்லாமல் தூக்க மாத்திரை கேட்கிறவர், நான் முடியாது என்றதும் இதே மாதிரிதான் 'சரி' என்பார்.

எனக்கு அந்த டீக்கடை ஏன் பிடிக்கிறது என்று நீங்கள் ஒரு நாளும் கேட்டதில்லை. கேட்காவிட்டாலும் சொல்கிறேன். காலையிலிருந்து இருட்டும் வரை கவுண்டருக்குப் பின்னால் நிற்கிறேன். வருகிறவர்கள் எல்லாம் வலியோடு வருகிறார்கள், இல்லையென்றால் வலிக்கிறவரை வீட்டில் விட்டுவிட்டு வருகிறார்கள். யாருக்கும் பொறுமை கிடையாது. டாக்டர் கிறுக்கியதை நான் தப்பாகப் படித்தால் ஒரு உயிருக்கு ஆபத்து. அப்புறம் ராஜபாளையத்துக்கு பஸ்ஸில் நின்றுகொண்டே வந்து, சமைத்து, போனைத் திறந்தால் ஒரு பூதம் வந்து பெஞ்சில் உட்கார்ந்து "ஒரு டீ" என்கிறது. போட்டுக் கொடுத்தால் நன்றாக இருக்கிறது என்கிறது. சர்க்கரை தூக்கலாகிவிட்டால் முகத்தைச் சுளிக்கிறதே தவிர செத்துப்போவதில்லை. எனக்கு இது போதும்.

எமன்கோட்டையையும் நான் ஆடிப் பார்த்தவள்தான். பாலத்தில் ஏறினேன், செத்தேன். திரும்ப ஏறினேன், திரும்பச் செத்தேன். நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து "செத்துச் செத்துத்தான் கத்துக்கணும்" என்று அவ்வளவு சந்தோஷமாகச் சொன்னீர்கள். யாரையும் தாண்ட விடாத பாலத்தை எதற்குக் கட்டி வைத்திருக்கிறார்கள் என்று கேட்டேன். அதற்கும் 'திரும்ப ஏறு' என்றீர்கள்.

உங்கள் அண்ணனையும் மதினியையும் அலைய விட வேண்டாம். ஆவணி ஒன்றாம் தேதி வருவதா என்று நான் இன்னும் முடிவு செய்யவில்லை. டீக்கடையைக் கேலி செய்ததற்காக மட்டும் நான் பெட்டியைத் தூக்கவில்லை. வேறு ஒன்றும் இருக்கிறது. அது என்னவென்று உங்களுக்குத் தெரியவே இல்லை என்பதுதான் எனக்கு இன்னும் எரிச்சல்.

இப்படிக்கு,
இந்து


இராஜபாளையம்
25 ஜூலை

அன்புள்ள இந்து,

'இன்னும் முடிவு செய்யவில்லை' என்ற வரியைப் படித்துவிட்டு வேலைக்குப் போனேன். துணியை அறுக்கிற மெஷினில் அளவை மாற்றி வைத்துவிட்டேன். நாலு இஞ்ச் பேண்டேஜ் எல்லாம் ஒன்றரை இஞ்சாக வந்து விழுந்தது. மேனேஜர் ஒன்றைக் கையில் எடுத்து, "ஏலே காளிராஜ், இதை மனுசனுக்குச் சுத்தவா, பென்சிலுக்குச் சுத்தவா?" என்று கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். என்னால் சிரிக்க முடியவில்லை.

அந்த 'வேறு ஒன்று' என்ன? அத்தை கொடுத்துவிட்ட நார்த்தங்காய் ஊறுகாயை முழுசாக நான் கம்பெனிக்கு எடுத்துப் போனதா? உன் பிறந்தநாள் கேக்கில் என் பெயரையும் சேர்த்து எழுதச் சொன்னதா? சேத்தூரில் நீ பைக்கில் ஏறுவதற்குள் வண்டியைக் கிளப்பி, நீ பின்னால் இருக்கிறாய் என்று நினைத்து ஊர் எல்லை வரை பேசிக்கொண்டே போனதா? அதில் பாதி உன்னைப் புகழ்ந்துதான் பேசினேன், நீதான் கேட்கவில்லை.

இன்னொரு சேதி. யாரிடமும் சொல்லாதே, முக்கியமாகக் கல்பனாவிடம். டீக்கடையை என் போனில் இறக்கிவிட்டேன். ஆராய்ச்சிக்காகத்தான். ஒரு ஆட்டத்தைக் குறை சொல்வதற்கு முன் ஆடிப் பார்ப்பதுதானே நியாயம்.

இந்து, அது ஈஸி என்று யார் சொன்னது? கடை திறந்ததுமே வந்தவர்கள் எழுந்து போய்விட்டார்கள். எல்லோருக்கும் ஸ்ட்ராங் டீயாகப் போட்டேன், அதுதானே ஆம்பளைக்கு அழகு என்று. ஒரு குட்டிப் பிசாசு அழுதேவிட்டது. அந்த நேரம் பார்த்து ஒத்தக்கண்ணன் உள்ளே வந்தான். பழக்க தோஷம், அவனைப் பார்த்ததும் கத்தி மாதிரி இருந்த பட்டனை அமுக்கிவிட்டேன். இந்த ஆட்டத்தில் அது கரண்டி. கொதிக்கிற டீ அவன் மடியில். எமன்கோட்டையில் என்றால் என்னைத் தூக்கிச் சுவரில் அறைந்திருப்பான். இங்கே அவன் துண்டால் துடைத்துக்கொண்டு ஒன்றும் சொல்லாமல் போய்விட்டான். எனக்கு மனசு கேட்கவில்லை.

மறுநாளும் வந்தான். உட்கார்ந்தான், ஒன்றும் பேசவில்லை, போய்விட்டான். அவனை எப்படிப் பேச வைப்பது? கேட்பது ஆராய்ச்சிக்காகத்தான்.

அன்புடன்,
காளிராஜ்


மடவார் வளாகம்
29 ஜூலை

காளிராஜ் அவர்களுக்கு,

நேற்று தேர். ஊரே நாலு ரத வீதியில்தான் இருந்தது. கடையில் குளுக்கோஸும் ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டும் தீர்ந்து, கால் வலித் தைலமும் தீர்ந்து, கடைசியில் ஒருவர் "எதாவது குடும்மா" என்று கேட்டு நின்றார். அதனால்தான் பதில் எழுதத் தாமதம். உங்களைக் காக்க வைக்க வேண்டும் என்றும் கொஞ்சம் நினைத்தேன்.

சேத்தூர் விஷயம் எனக்கு மறந்தே போயிருந்தது. ஞாபகப்படுத்தியதற்கு நன்றி. ஆனால் அது இல்லை.

ஒத்தக்கண்ணன் விஷயத்துக்கு வருகிறேன். அவனைப் பேச வைக்க எந்தப் பட்டனும் கிடையாது. டீயை வைத்துவிட்டு செத்த நேரம் சும்மா இருக்க வேண்டும். நீங்கள் போனை நோண்டிக்கொண்டே, காலை ஆட்டிக்கொண்டே ஏதாவது அமுக்குவீர்கள், எனக்குத் தெரியும். அமுக்காதீர்கள். அவனாகப் பேசுவான்.

என்னிடம் நிறையச் சொல்லியிருக்கிறான். வடக்கு வாசலில் நின்று நின்று அவனுக்கு இடது முட்டி போய்விட்டது. மழைக்காலத்தில் உட்கார்ந்தால் எழ முடியாது, எழுந்தால் உட்கார முடியாது. ஒரு மகள் இருக்கிறாள். அவள் சூடாகச் சோறு வைத்துக் காத்திருப்பாளாம், இவன் போய்ச் சேர்வதற்குள் ஆறிவிடுமாம். வாசலுக்கு வருகிற ஆட்கள் யாரும் இவன் பெயரைக் கேட்பதில்லை, வந்ததும் கத்தியைத்தான் உருவுகிறார்கள் என்றான். நான் உங்களைத்தான் நினைத்துக்கொண்டேன்.

இந்து


இராஜபாளையம்
1 ஆகஸ்ட்

அன்புள்ள இந்து,

நீ சொன்னபடி செய்தேன். போனைக் கட்டில் மேல் வைத்துவிட்டு, இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அம்மா எட்டிப் பார்த்துவிட்டு, "என்னய்யா, ஒடம்புக்கு என்ன செய்யுது?" என்றாள். ஒத்தக்கண்ணன் பேசினான்! முட்டி வலியைச் சொன்னான். மகளைப் பற்றியும் சொன்னான். எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது.

உடனே ஓடிப்போய்க் கம்ப்யூட்டரைப் போட்டேன். எமன்கோட்டை இரண்டாம் பாகம், வடக்கு வாசல். இவ்வளவு நாளாக நான் அவன் தலையைக் குறிவைத்து அடித்துக்கொண்டிருந்திருக்கிறேன், எவ்வளவு பெரிய முட்டாள்! இடது முட்டி! சிவபாண்டிக்கும் பெலிக்ஸுக்கும் போன் போட்டு வரச் சொன்னேன், என் வெற்றியைப் பார்க்கட்டும் என்று. முட்டியையே பார்த்துப் பார்த்து அடித்தேன். அவனுக்கு ஒன்றும் ஆகவில்லை. எனக்குத்தான் ஆனது. திரும்பத் திரும்ப ஆனது. "ஏலே, முட்டியவே பாத்து அடிக்கே, தென்ன மரமாலே வெட்டுத?" என்று சிவபாண்டி விழுந்து விழுந்து சிரித்தான். இது எங்கிருந்து கிடைத்த தகவல் என்று பெலிக்ஸ் கேட்டான். ஒருத்தர் சொன்னார் என்று மழுப்பிவிட்டேன்.

இந்த இரண்டு ஆட்டத்தையும் செய்தவர்கள் ஒருவரோடு ஒருவர் பேசிக்கொள்ளவே மாட்டார்களா? இது மோசடி இல்லையா?

இந்து, நீ இல்லாமல் வீடு நன்றாக இல்லை. அந்த வேறு ஒன்று என்ன என்று சொல்லிவிடு. கெஞ்சிக் கேட்கிறேன்.

காளிராஜ்


மடவார் வளாகம்
4 ஆகஸ்ட்

காளிராஜ் அவர்களுக்கு,

ஒருவன் முட்டி வலிக்கிறது என்று வாய்விட்டுச் சொன்னால், முட்டியிலேயே அடிக்கலாம் என்றுதான் உங்களுக்குத் தோன்றியிருக்கிறது. நான் இஞ்சி தட்டிப் போட்டு டீ கொடுத்தேன். இதை நீங்கள் மோசடி என்று வேறு எழுதுகிறீர்கள். சிரிப்பும் வருகிறது, ஆத்திரமும் வருகிறது.

கேட்டீர்கள், சொல்லிவிடுகிறேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மாடிக்கு முறுக்கு எடுத்துக்கொண்டு வந்தேன். பாதிப் படியில் சிவபாண்டி அண்ணன் குரல் கேட்டது. "எனக்கு மூணு வருசமாப் பொண்ணு பாக்காக, ஒண்ணும் அமையல. ஒனக்கு மட்டும் எப்படிலே இம்புட்டு சீக்கிரம் முடிஞ்சிச்சு?" அதற்கு நீங்கள், "ஒத்தக் காபி, ஒரு தட்டு கேசரி. அவிய அப்பா தலைய ஆட்டிட்டாக. என் வாழ்க்கையிலயே ஈஸி மோடுல முடிஞ்சது அது ஒண்ணுதாம்லே" என்றீர்கள். மூன்று பேரும் சிரித்தீர்கள். நான் படியிலேயே கொஞ்ச நேரம் நின்றுவிட்டு மேலே வந்தேன். அப்புறம்தான் டீக்கடைப் பேச்சு வந்தது. அது விளையாட்டே இல்லை என்றீர்கள். ஈஸியாகக் கிடைப்பதற்கு உங்களிடம் என்ன மரியாதை என்பது எனக்கு அந்த ஒரே சாயங்காலத்தில் விளங்கிவிட்டது.

அந்தக் காபிக்கு முன்னால் என்ன நடந்தது என்று உங்களுக்குத் தெரியாது. எங்கள் அப்பா தென்காசியில் மின்வாரிய மாப்பிள்ளை ஒருவரைப் பேசி வைத்திருந்தார். தரகர் கொண்டுவந்த போட்டோக்களில் சிரித்த முகம் உங்களுடையது மட்டும்தான். மற்றவர்கள் ஆதார் கார்டுக்கு நிற்பதுபோல் நின்றார்கள். இவரைப் பார்க்கலாம் என்றேன். "கவர்மெண்டு மாப்பிள்ளைய விட்டுட்டு பேண்டேஜ் சுத்துறவனா?" என்று அப்பா பேச்சை நிறுத்திவிட்டார். என் கையால் பிரஷர் மாத்திரை வாங்க மாட்டேன் என்று எதிர்க் கடையில் போய் வாங்கினார். மெடிக்கல் ஷாப்பில் வேலை பார்க்கிறவளின் அப்பா எதிர்க் கடையில் மாத்திரை வாங்குகிறார் என்று தெருவே பேசியது. என் முதலாளி கூப்பிட்டு, "நம்ம மாத்திரையில என்னம்மா கொறை?" என்று கேட்டார். அம்மா என் பக்கமா அப்பா பக்கமா என்று தெரியாமல் இரண்டு பேருக்கும் தனித்தனியாகச் சோறு போட்டாள். நான் அழுதேன், சண்டை போட்டேன். தென்காசிக்காரரிடம் நானே போனில் பேசி வேண்டாம் என்றேன். அதற்காக அப்பா என்னிடம் சொன்ன வார்த்தையை இங்கே எழுத மாட்டேன். கடைசியில் ஒரு நாள் எங்கள் கடைக்கே வந்தார். வாடிக்கையாளர் மாதிரி கவுண்டருக்கு முன்னால் நின்று, "அவியள வரச்சொல்லு" என்றார்.

அப்புறம்தான் நீங்கள் வந்தீர்கள். காபி குடித்தீர்கள். கேசரி இரண்டு தடவை வாங்கிக்கொண்டீர்கள். அப்பா தலையை ஆட்டினார். உங்களுக்கு ஈஸியாகத்தான் இருந்திருக்கும். கஷ்டமான லெவலையெல்லாம் நான் முன்கூட்டியே ஆடி முடித்திருந்தேன்.

அப்பாவைப் பற்றி நீங்கள் தப்பாக நினைக்கக் கூடாது என்றுதான் இத்தனை நாள் சொல்லவில்லை. அடி வாங்கிப் பெற்றதைத்தான் மதிப்பீர்கள் என்றால் என்னால் உங்களை அடிக்க முடியாது. எனக்கு டீ போட்டுக் கொடுக்கத்தான் தெரியும். அது போதாது என்றால் சொல்லிவிடுங்கள். நான் இங்கேயே இருந்துகொள்கிறேன்.

இந்து


இராஜபாளையம்
7 ஆகஸ்ட்

இந்து,

படித்தேன். திரும்பவும் படித்தேன். மூன்று நாளாக எழுதிக் கிழித்துக்கொண்டிருக்கிறேன்.

அப்படிச் சொன்னது நான்தான். சிரித்ததும் நான்தான். உன்னைக் குறைத்து நினைத்துச் சொன்னதில்லை, ஆனால் படியில் நின்று கேட்கிறவளுக்கு அப்படித்தான் இருக்கும். வெட்கமாக இருக்கிறது. மன்னித்துக்கொள்.

அவர்களிடம் நான் எதைச் சொல்ல முடியும்? பெண் பார்க்க வந்த அன்று பயத்தில் காபியைச் சட்டையில் கொட்டிக்கொண்டதையா? கறையை மறைக்க நெஞ்சில் கையைக் கட்டிக்கொண்டே உங்கள் வீட்டுப் பெரியவர்கள் காலில் விழப் போய் நிஜமாகவே விழுந்ததையா? நீ கதவுக்குப் பின்னால் சிரித்தது எனக்குக் கேட்டது. வீட்டுக்கு வரும் வழியெல்லாம் நீ வேண்டாம் என்றுதான் சொல்வாய் என்று நினைத்தேன். சரி என்றதும் எனக்கு நம்பிக்கை வரவில்லை. அந்த நம்பாமைதான் அன்றைக்கு இளக்காரமாக வாயில் வந்தது.

ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் கிடையாது என்று சிவபாண்டி, பெலிக்ஸ் இரண்டு பேரிடமும் சொல்லிவிட்டேன். ஏன் என்று கேட்டார்கள். எல்லாவற்றையும் சொன்னேன். நீ எனக்காகச் சண்டை போட்டதையும் சொன்னேன், முட்டித் தகவல் நீ கொடுத்தது என்பதையும், நான் டீக்கடை ஆடுகிறேன் என்பதையும் சொன்னேன். பெலிக்ஸ் மெதுவாக, "நானும் அதைத்தாம்லே ஆடுதேன், நாலு மாசமா. ஒத்தக்கண்ணன் மகளுக்கு நிச்சயம் வரைக்கும் வந்துட்டேன்" என்றான்.

ஞாயிற்றுக்கிழமை எனக்கு வேறு வேலை இருக்கிறது. என்ன வேலை என்று கேட்காதே. நீ வரவேண்டும் என்று எழுத எனக்கு ஆசைதான். ஆனால் முடிவு உன்னுடையது.

காளிராஜ்


மடவார் வளாகம்
11 ஆகஸ்ட்

என்னங்க,

நேற்று காலை வைத்தியநாத சுவாமி கோவில் பக்கம் பேப்பர் படித்துக்கொண்டிருந்த அப்பா முன்னால் நீங்கள் போய் நின்றதை அவரே வந்து சொன்னார். ஆடியில் மாப்பிள்ளை இப்படித் தனியாக வந்து நிற்கிறாரே, என்ன விபரீதமோ என்று பயந்துவிட்டாராம். நீங்கள், "மாமா, ஒங்களுக்கு என்னைய ஏன் பிடிக்காமப் போச்சு? மொதல்ல இருந்து சொல்லுங்க" என்றீர்களாமே!

அப்பா நடு வீட்டில் நின்றுகொண்டே சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "கேட்டா நான் விட்டுருவேனாட்டி? வேலையச் சொன்னேன். பைக்க வெரட்டுறதச் சொன்னேன். வயசுக்கு மீறி வீடியோ கேம் ஆடுறதச் சொன்னேன். கேசரிய ரெண்டு மட்டம் வாங்கித் தின்னதயும் சொன்னேன். பய நடுவுல ஒரு வார்த்தை பேசல. வெயில் ஏறிருச்சு, எனக்கே தொண்டை காஞ்சு போச்சு. போய் டீ வாங்கிட்டு வந்து கையில குடுத்துட்டு, 'பொறவு மாமா?'ங்கான். பொறவு என்னத்தச் சொல்ல? எங்கிட்ட இருந்த கொறையெல்லாம் தீந்து போச்சு. போகும்போது ஒண்ணு கேட்டான், 'இந்து எம்புட்டுச் சண்டை போட்டா மாமா?'ன்னு. 'நீ தாங்க மாட்டே மாப்பிள்ளை'ன்னேன். அவனுக்குக் கண்ணு கலங்கிருச்சு. எனக்கும் என்னமோ போல ஆயிருச்சு."

உங்களை அப்பா மாப்பிள்ளை என்று சொல்லி நான் கேட்டது இதுதான் முதல் தடவை. இதுவரைக்கும் 'அவன்', 'அந்தப் பேண்டேஜ்' என்றுதான். அம்மா அடுப்படியில் நின்று சிரித்தாள். நான் உள்ளே போய் அழுதேன். கோபம் போய்விட்டது என்று எழுதக் கூச்சமாக இருக்கிறது, ஆனால் போய்விட்டது.

அதுவரை நான் போட்ட சண்டையெல்லாம் உங்களைப் பார்ப்பதற்கு மட்டும்தான்; அன்றைக்கு நீங்கள் கால் தடுக்கி விழுந்ததைப் பார்த்துத்தான் கட்டினால் இவரைத்தான் என்று முடிவே செய்தேன். அதையும் தெரிந்துகொள்ளுங்கள்.

ஆவணி ஒன்று ஞாயிற்றுக்கிழமை வருகிறது. தட்டு, பழம், அண்ணன், மதினி எல்லாம் முறைப்படி வரட்டும், அம்மாவுக்கு அது வேண்டும். எனக்கு அதெல்லாம் தேவையில்லை. நீங்கள் வாசலில் வந்து நின்று, "இந்து, வா" என்று கூப்பிடுங்கள். வந்துவிடுவேன். அவ்வளவு ஈஸி.

இந்து